கடவுள் மன்னிப்பதற்கு ஒரு பலி ஏன் தேவைப்பட்டது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 26

ஊதாரி மைந்தன் உவமையில் தகப்பன் எந்தப் பலியும் கேட்காமல் மகனைக் கட்டித்தழுவி ஏற்றுக்கொள்கிறார். இயேசுவே சொன்ன கதையில் மன்னிப்புக்கு இரத்தம் தேவைப்படவில்லை. அப்படியிருக்க, குமாரனின் இரத்தம் சிந்தப்படாமல் பிதாவால் உலகத்தை மன்னிக்க முடியவில்லை என்று சபைகள் ஏன் போதிக்கின்றன? ஒருவர் செய்த குற்றத்துக்கு வேறொருவரை அடித்துவிட்டு "மன்னித்தேன்" என்றால், அது மன்னிப்பா, தண்டனையா?

பிப்ரவரி 26, இரவு

இந்தக் கேள்வியை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிலுவையைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதுவே மிக நேர்மையானது. என் பதிலை அந்த உவமையிலிருந்தே தொடங்குகிறேன்.

லூக்கா 15-இல் இரத்தம் இல்லை. ஆனால் இழப்பு இருக்கிறது. உபாகமம் 21-இன்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு சேர வேண்டும். ஆகவே இரண்டு மகன்கள் உள்ள வீட்டில் இளையவனின் பங்கு மூன்றில் ஒன்று. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அழித்தவன்தான் திரும்பி வருகிறான். அழிந்த சொத்து திரும்பி வரவில்லை. "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பன் மூத்தவனிடம் சொல்வதைக் கவனியுங்கள். அடிக்கப்பட்ட கொழுத்த கன்று, மோதிரம், வஸ்திரம் எல்லாமே மூத்தவனுக்குப் போக வேண்டிய மீதியிலிருந்து எடுக்கப்பட்டவை. அவன் வாசலில் நின்று கோபப்படுவதற்குக் கணக்குப்படி காரணம் உண்டு. மன்னிப்பு அந்த வீட்டில் இலவசமாக நடக்கவில்லை. செலவு முழுவதையும் மன்னித்தவர் தன் பக்கத்தில் எழுதிக்கொண்டார் என்பதால், திரும்பி வந்தவனுக்கு மட்டும் அது இலவசமாகத் தெரிந்தது.

என் வாதம் இதுதான்: கிறிஸ்தவ விசுவாசத்தில் பலி என்பது மன்னிப்பதற்கு முன் கடவுள் வசூலிக்கும் கட்டணம் அல்ல. மன்னிக்கும்போது மன்னிக்கிறவர் சுமக்கும் இழப்பே பலி. இதை நிறுவ இன்னும் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 28

"பழைய ஏற்பாட்டுக் கடவுளுக்கு இரத்தம் பிடிக்கும், அவ்வளவுதான்" என்று ஒருவர் ஒற்றை வரியில் முடித்திருக்கிறார். லேவியராகமத்தை உட்கார்ந்து வாசித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஐந்தாம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். பாவநிவாரண பலிக்கு ஆடு கொண்டுவர முடியாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வசதியில்லாதவன் ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம். மாவில் இரத்தம் ஏது? இருந்தும் அவனுக்கு மன்னிக்கப்படும் என்றே எழுதியிருக்கிறது. எபிரெயர் 9:22-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்ற பிற்பகுதியை மட்டும் சொல்கிறார்கள். அதே வசனம் "கொஞ்சங்குறைய எல்லாம்" என்று தொடங்குவதை விட்டுவிடுகிறார்கள். அந்த நிருபத்தை எழுதியவருக்கு ஏழையின் மாவு நினைவில் இருந்திருக்கிறது.

இரண்டாவது, ஆறாம் அதிகாரம். அயலானை ஏமாற்றிப் பொருளை எடுத்துக்கொண்டவன் முதலில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்; அதன் பிறகே ஆட்டுக்கடாவை ஆசாரியனிடம் கொண்டுபோக வேண்டும். வரிசையை மாற்ற இடமில்லை. இயேசு மலைப்பிரசங்கத்தில் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னபோது, கேட்டவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. யூத ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் இதையே சொல்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றத்தைப் பாவநிவாரண நாள் தீர்க்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வரையில் அந்த நாளும் தீர்க்காது.

மூன்றாவது, அந்தப் பாவநிவாரண நாளுக்குரிய இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். ஒன்று அடிக்கப்படுகிறது. மற்றொன்றின் தலையில் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட, அது அவற்றைச் சுமந்துகொண்டு உயிரோடு வனாந்தரத்துக்குப் போகிறது. பாவத்தைச் சுமக்கும் ஆடு கொல்லப்படுவதில்லை. பாவம் இன்னொரு உடலில் தண்டிக்கப்படுவதுதான் பலி என்ற எண்ணத்தோடு லேவியராகமம் 16-க்குள் போகிறவர்கள் இந்த ஆட்டின் முன் சற்று நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே தீர்க்கதரிசிகள் இருக்கிறார்கள். ஓசியா 6:6-ஐ இயேசு மத்தேயு நற்செய்தியில் இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார்: "பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்."

மார்ச் 1

"அப்படியானால் இரட்சிப்பின் கோட்பாட்டையே மறுக்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. திருச்சபை ஒருபோதும் ஒரே விளக்கத்தில் நிற்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மீட்கும்பொருள், அதாவது மனிதரை விடுவிக்கக் கிறிஸ்து தம் உயிரால் செலுத்திய விலை, சாத்தானுக்குச் செலுத்தப்பட்டது என்று சிலர் சொன்னபோது, நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் அதை வெறுத்து ஒதுக்கினார். பிதாவுக்குச் செலுத்தப்பட்டது என்றால், ஆபிரகாமின் கையிலிருந்து ஈசாக்கைக்கூட ஏற்றுக்கொள்ளாத பிதா தம் ஒரேபேறானவரின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று அதே மூச்சில் கேட்டார். 1098-ஆம் ஆண்டளவில் கேன்டர்பரியின் ஆன்செல்ம், கடவுளுக்குரிய கனத்தை மனிதன் பறித்துவிட்டான், அதை ஈடுசெய்ய மனிதனும் கடவுளுமான ஒருவரே வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த தலைமுறையில் அபேலார்து சிலுவை நம்மில் எழுப்பும் அன்பைப் பேசினார். தண்டனையை நமக்குப் பதிலாகக் கிறிஸ்து ஏற்றார் என்று கால்வின் அழுத்திச் சொன்னது 16-ஆம் நூற்றாண்டில். நம் பிரசங்கபீடங்களில் இந்தக் கடைசி விளக்கம்தான் அதிகம் கேட்கிறது. அதுவும் பல நேரங்களில் கால்வினே ஒத்துக்கொள்ளாத முரட்டு வடிவத்தில்.

கேள்வி கேட்டவரின் "வேறொருவரை அடித்துவிட்டு" என்ற சொற்றொடர்தான் முடிச்சு. அங்கே மூன்று பேர் நிற்கிறார்கள்: குற்றவாளி, கோபம் கொண்ட நீதிபதி, அகப்பட்டுக்கொண்ட ஒரு அப்பாவி. பவுல் 2 கொரிந்தியர் 5:19-இல் வரைந்த படத்தில் அந்த மூன்றாம் ஆள் இல்லை. கிறிஸ்துவுக்குள் தேவனே இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார். அடி வாங்கியவரே மன்னிக்கிறவர். இந்த ஒன்றை விட்டுவிட்டால் சிலுவை கொடூரமான நாடகமாகிவிடும். கேள்வி கேட்டவரின் கோபமும் நியாயமாகிவிடும்.

மார்ச் 4

வசனங்களை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தால் போதாது என்று ஒரு சகோதரி எழுதியிருப்பது சரி. நம் நாட்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

1999 ஜனவரி 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட இரவில், ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் மனோகர்பூர் என்ற ஊரில், தங்கள் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் பிலிப்பும் தீமோத்தேயுவும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிலிப்புக்கு 10 வயது, தீமோத்தேயுவுக்கு 6. ஆஸ்திரேலியரான கிரகாம் 1965 முதல் இந்தியாவில் இருந்து, பாரிபடாவில் தொழுநோயாளர் இல்லத்தில் உழைத்தவர். அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே ஊர் திரும்பிவிடவில்லை; மகள் எஸ்தரோடு பாரிபடாவில் தங்கி அந்த இல்லத்தின் வேலையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

பலரும் மறந்துவிடுவது இதன் மறுபாதியை. வழக்கு நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. மன்னிப்பையும் சட்டத்தின் விளைவையும் கிளாடிஸ் ஒன்றாகக் குழப்பவில்லை. தன் மனதில் இருந்த கசப்பை விடுவது அவருடைய வேலை. குற்றத்தை விசாரிப்பது அரசின் வேலை. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை.

இரண்டாவது நிகழ்வு மத்தியப் பிரதேசத்தில். கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, உதயநகர்ப் பகுதியில் நிலமற்ற பழங்குடி மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுவிக்க உழைத்தவர். அதனால் நட்டப்பட்டவர்கள் ஏவிவிட்ட சமுந்தர் சிங், 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பேருந்தில் பயணிகள் கண்முன்னே அவரைக் குத்திக் கொன்றார். ஆயுள் தண்டனை கிடைத்தது. ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் கன்னியர். அவர் 2002-இல் சிறைக்குப் போய், தன் அக்காளைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். பின்னர் தாய் எலீஸ்வாவும் போய், தன் மகளைக் குத்திய அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பத்தாரும் சேர்ந்து விண்ணப்பித்ததால் 2006-இல் சமுந்தர் சிங் விடுதலையானார். புல்லுவழிக்கு வந்து அந்தத் தாயைப் பார்த்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்தத் தாய் எதையும் வசூலித்த பிறகு மன்னிக்கவில்லை. வசூலிக்க அங்கே எதுவும் இல்லை. மகள் போனது போனதுதான். அந்த இழப்பை எதிராளியின் பெயரில் எழுதிவைக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு அவனிடம் போனார். பலியும் மன்னிப்பும் ஒரே செயலின் இரண்டு பெயர்கள் என்று நான் நம்புவது இப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான்.

மார்ச் 5

"இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லியே காயப்பட்டவர்களை வாயடைக்கிறார்கள்." இப்படி எழுதியவருக்கு முழு உடன்பாடு தெரிவிக்கிறேன். கிளாடிஸும் எலீஸ்வாவும் தங்களுக்குரியதைத் தாங்களே கொடுத்தார்கள். அவர்களுடைய செயலைக் காட்டி இன்னொரு தாயிடம் "நீ ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்பது, அவர்கள் கொடுத்ததின் இயல்பையே கெடுத்துவிடுகிறது.

மார்ச் 7

நேற்று எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன்.

என் அப்பா இறந்த பிறகு குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, எங்களுக்கு வர வேண்டிய வீட்டடி மனை உறவினர் ஒருவரின் பெயருக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்பது இங்கே முக்கியமில்லை. அம்மா அதற்குப் பிறகு திருவிருந்து எடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஆராதனைக்கு வருவார், பாடுவார், திருவிருந்து தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார். மனதில் பகை வைத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போகக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாக இருந்தார்.

சபைப் பெரியவர்கள் இருவர் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, மன்னித்துவிடுங்கள் அம்மா, சிலுவையில் ஆண்டவரே மன்னித்தாரே, நீங்கள் மன்னித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெகுநேரம் பேசினார்கள். அம்மா காப்பி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிக்கச் சொல்லுதீக ஐயா, சரிதான். அதுல உங்களுக்கு என்ன செலவு?" என்றார். அவர்களிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியில் கசப்பு மட்டும் இருந்ததாக அன்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மன்னிப்புக்கு விலை உண்டு, அதைச் செலுத்துகிறவள் நான், நீங்கள் அல்ல என்று அவர் சொன்னது சிலுவையின் இறையியல்தான். அந்தப் பெரியவர்கள் மனையை எடுத்தவரின் வீட்டுக்கு ஒரு முறையும் போகவில்லை. லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தின்படி அவர்கள் முதலில் தட்டியிருக்க வேண்டிய கதவு அதுதான். அசலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கேட்டிருக்க வேண்டும். திருடனிடம் திருப்பிக் கொடு என்று சொல்லத் துணியாதவர்கள் பறிகொடுத்தவரிடம் விட்டுக்கொடு என்று சொல்வதை நம் சபைகளில் நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்ற சொல் வந்த பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற சொல் வருகிறது. ஆனால் சகேயு அதைச் சொல்வதற்கு முன்பே இயேசு அவனுடைய வீட்டுக்குள் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வது கடினமாகவே இருக்கிறது.

மார்ச் 10

அம்மாவைப் பற்றிய குறிப்புக்கு வந்த பதில்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவை எடுத்துக்காட்டியிருக்கிறது: பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில், நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஒரு நாட்டையே மன்னிக்கச் செய்யவில்லையா?

டூட்டுவை நான் மிகவும் மதிக்கிறேன். சாட்சிகளின் கதையைக் கேட்டு, ஆணையத்தின் மேசையில் தலை கவிழ்ந்து அழுத தலைவர் அவர். ஆனால் அந்த ஆணையத்தின் வரலாற்றில், நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பீகோவின் குடும்பமும் இருக்கிறது. பீகோ 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் அடைந்த காயங்களால் இறந்தார். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்துகிறவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கலாம் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வருந்த வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை. பொதுமன்னிப்புப் பெற்றவர்மேல் குற்ற வழக்கும் போட முடியாது, இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் போட முடியாது. எங்கள் நீதியை எங்களைக் கேட்காமல் கொடுத்துவிட உங்களுக்கு உரிமை இல்லை என்று பீகோவின் குடும்பத்தார் வேறு சிலரோடு சேர்ந்து அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996-இல் தோற்றார்கள். பிறகு 1999-இல், பீகோவின் மரணத்தில் தொடர்புடைய காவலர்களின் விண்ணப்பத்தை ஆணையமே நிராகரித்தது.

ஒரு நாடு உள்நாட்டுப் போரைத் தவிர்க்கப் பொதுமன்னிப்பு வழங்கலாம். அது அரசியல் ஞானமாக இருக்கலாம். ஆனால் அதன் செலவைச் செலுத்தியவர்கள் பீகோவின் மனைவியைப் போன்றவர்கள். அவர்களிடம் கேட்காமல் எடுத்ததை மன்னிப்பு என்ற சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 11

"ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்பது கட்டளை. கட்டளைக்கு உரிமை எதற்கு?"

கட்டளைதான். மத்தேயு 18-ஐ முழுவதும் வாசிப்போம். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாட்கூலி. ஆக அவனுடைய கடன் 6 கோடி நாட்கூலி. அவன் கழுத்தைப் பிடித்த உடன்வேலைக்காரனின் கடன் 100 நாட்கூலி. ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. ராஜா அவனிடம் "நான் உனக்கு இரங்கினதுபோல" என்று கேட்க முடிகிறது; ஏனென்றால் அந்த 6 கோடியையும் இழந்தவர் ராஜாதான். கேட்கும் உரிமை செலவழித்தவருக்கு உண்டு. அதனால் கிறிஸ்து என்னிடம் கேட்கலாம். அவர் கேட்கிறார், நான் கீழ்ப்படிய வேண்டும். என்னிடம் எதையும் இழக்காத மூன்றாம் ஆள் ராஜாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்பதைத்தான் மறுக்கிறேன்.

மேலும், அதே அதிகாரத்தில் ஏழெழுபதுக்குச் சில வசனங்கள் முன்னால், குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய் உணர்த்து, கேளாவிட்டால் சாட்சிகளோடு போ, அப்போதும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்று இருக்கிறது. அந்த மூன்று படிகளையும் தாண்டிக் குதித்து நேரே ஏழெழுபதுக்குப் போகிற பிரசங்கங்கள் ஏராளம்.

மார்ச் 15

ஒரு வாசகி தனிப்பட எழுதிய கடிதத்தின் காரணமாக இதைச் சேர்க்கிறேன். அடிக்கும் கணவனோடு வாழ்வது "உன் சிலுவை" என்று அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது.

1941 ஜூலை இறுதியில் நாஜிகளின் அவுஷ்விட்சு வதை முகாமிலிருந்து ஒரு கைதி தப்பியதற்குப் பழியாகப் பத்துப் பேரைப் பட்டினியிட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பிரான்சிசெக் கயோவ்னிசெக் தன் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். வரிசையிலிருந்து பிரான்சிஸ்கன் குரு மாக்சிமிலியன் கோல்பே முன்வந்து, அவருடைய இடத்தில் தன்னை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். ஆகஸ்ட் 14 அன்று நஞ்சு ஊசி போட்டு அவரைக் கொன்றார்கள். கயோவ்னிசெக் 1995 வரை வாழ்ந்தார். 1982-இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது அங்கே இருந்தார்.

கோல்பே செய்தது பலி. மற்ற ஒன்பது பேருக்கு நடந்தது கொலை. அதே அறை, அதே பட்டினி. வேறுபாடு, அவர் தானே முன்வந்தார் என்பதும், அதனால் ஒரு உயிர் பிழைத்தது என்பதும். "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று யோவான் 10:18-இல் இயேசு தம் ஜீவனைப் பற்றிச் சொல்கிறார். அந்த வாசகியிடமிருந்து எடுக்கப்படுவது அவர் கொடுத்தது அல்ல. அதனால் யாரும் பிழைக்கவும் இல்லை. சகோதரி, அந்த வீட்டை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். சட்டத்தின் உதவியை நாடுங்கள். மன்னிப்பைப் பற்றி எவ்வளவு காலம் கழித்து வேண்டுமானாலும் யோசித்துக்கொள்ளலாம். மன்னித்த பிறகும்கூடத் திரும்பிப் போக வேண்டும் என்ற கட்டாயம் வேதத்தில் எங்கும் இல்லை.

மார்ச் 19

"மன்னிக்க விரும்புகிறேன், முடியவில்லை, பரமண்டல ஜெபத்தில் அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன்" என்று எழுதியவருக்கு.

லூக்கா 23:34: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." மிகப் பழைய சுவடிகள் சிலவற்றில், நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடி உட்பட, இந்த வாக்கியம் இல்லை, சினாய் சுவடியை முதலில் எழுதியவர் இதை எழுதியிருக்கிறார். அப்போஸ்தலர் 7-இல் ஸ்தேவான் இதே தொனியில் ஜெபித்து இறப்பதைப் பார்க்கும்போது, இது இயேசுவின் வாயிலிருந்தே சபைக்கு வந்தது என்று நம்புகிறேன்.

கவனிக்க வேண்டியது வேறு. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனிடம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று தம் அதிகாரத்தால் நேரே சொன்னவர், ஆணி அடித்தவர்களிடம் "உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லவில்லை. அவர்களைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. பிதாவிடம் திரும்பி, நீர் மன்னியும் என்று கேட்கிறார். வலி உச்சத்தில் இருக்கும்போது, மன்னிப்பைத் தன் உள்ளத்திலிருந்து பிழிந்தெடுக்காமல், அதைத் தர வல்லவரின் கையில் ஒப்புவிக்கும் வழியை அவரே திறந்து வைத்திருக்கிறார். ஆகவே "ஆண்டவரே, நான் இன்னும் மன்னிக்கவில்லை, நீர் மன்னியும்" என்று ஒருவர் ஜெபித்தால், அதை அரைகுறையான ஜெபமாக நான் எண்ணமாட்டேன். வாயை மூடிக்கொள்வதற்குப் பதிலாக அதைச் சொல்லிப் பாருங்கள்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இந்த ஆண்டு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதலாவதான இதைப் பற்றிப் பேச என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கடைசிக் குறிப்பைத்தான் அங்கே விரித்துச் சொல்லப்போகிறேன். மறுப்பு உள்ளவர்கள் அதற்கு முன் எழுதினால் உதவியாக இருக்கும்.